ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவருக்கு ஸ்டென்ட்: ஹெபாரின் அளவு முதல் ஆஸ்பிரின் நிறுத்தும் தேதி வரை

டெல்டா_பிசிஷியன் கேட்டது:

கேத் லேப் (இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கும் கூடம்) இல்லாத ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் ஒரு வகை நோயாளிகளைப் பற்றிக் கேட்கிறேன். ஒரு மாதிரி நோயாளியைச் சொல்கிறேன், அவரை வைத்தே பேசலாம்.

பெண், வயது 76, எடை 48 கிலோ. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு) அபிக்ஸபான் (ரத்த உறைவெதிர்ப்பு மாத்திரை) 5 மி.கி. காலை, இரவு. கிரியாட்டினின் 1.6, ஹீமோகுளோபின் 9.4. ஐந்து மாதத்துக்கு முன் கறுப்பாக மலம் போய் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டிருக்கிறது. எண்டோஸ்கோபி செய்யவில்லை. மூட்டு வலிக்கு அவ்வப்போது கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார். இப்போது நெஞ்சுவலி, ட்ரோபோனின் (இதயத்தசை சேதத்தைக் காட்டும் ரத்தச் சோதனை) ஏறியிருக்கிறது, இசிஜியில் வி3 முதல் வி6 வரை எஸ்டி இறக்கம் (இதயத்துக்கு ரத்தம் போதாததன் அடையாளம்). நைட்ரேட் கொடுத்ததும் வலி அடங்கிவிட்டது, பிபி சீர். காலை அபிக்ஸபான் போட்டாயிற்று.

அனுப்புவதற்கு முன் இங்கே என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது? எனாக்ஸாபாரின் (உறைவெதிர்ப்பு) ஊசி வழக்கம்போலப் போடலாமா? ஸ்டென்ட் வைத்துத் திரும்பி வந்தபின் மூன்று மருந்துகளையும் (அபிக்ஸபான், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல்) எத்தனை நாள் தொடர்வது? டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் "தொடரவும்" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் ரத்தக்கசிவை நாங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.


மணிக்கட்டு_வழி:

சார், இவர் எந்த அளவுகோலில் பார்த்தாலும் அதிக அபாயக்காரர்தான். 2019-இல் ஏஆர்சி என்ற இதய ஆய்வு வல்லுநர் குழு வெளியிட்ட வரையறைப்படி ஒரு பெரிய காரணி இருந்தால் போதும், அல்லது இரண்டு சிறிய காரணிகள். இவருக்குப் பெரியவையே மூன்று இருக்கின்றன: நிரந்தரமாக ரத்த உறைவெதிர்ப்பு மருந்து, ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ், ஆறு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றும்படியான கசிவு. வயது 75-க்கு மேல் என்பதும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 33 என்பதும் சிறிய காரணிகள். அந்த வரையறையில் அதிக அபாயம் என்றால், ஓராண்டுக்குள் பெரிய ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு 4 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது மூளைக்குள் கசிவுக்கான வாய்ப்பு 1 சதவீதமோ அதற்கு மேலோ என்று பொருள். மூன்று பெரிய காரணிகள் சேர்ந்த ஒருவரின் அபாயம் அந்த விளிம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

அனுப்புவதற்கு முன்: எனாக்ஸாபாரின் வேண்டாம். காலையில் போட்ட அபிக்ஸபான் ரத்தத்தில் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு உறைவெதிர்ப்பு மருந்தை ஏற்றினால் கசிவுதான் கூடும். போதாததற்கு இவருடைய சிறுநீரகம் பலவீனமாக இருப்பதால் எனாக்ஸாபாரின் உடலில் தங்கிவிடும். ஆஸ்பிரின் 325 ஒரு முறை மென்று விழுங்கச் சொல்லுங்கள். இரவு அபிக்ஸபானை நிறுத்திவையுங்கள். குளோபிடோகிரெல் லோடிங்கை (தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மருந்தின் முதல் பெரிய அளவை) அங்கே கொடுக்க வேண்டாம், ஆஞ்சியோ பார்க்கும் வரை பொறுக்கலாம். மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்து பைபாஸ் என்று முடிவானால், முன்கூட்டிக் கொடுத்த குளோபிடோகிரெலால் அறுவையை ஐந்து நாள் தள்ள வேண்டியிருக்கும். அதைவிட வலுவான டிகாகிரெலோர், பிரசுக்ரெல் இரண்டும் இவருக்கு எந்தக் கட்டத்திலும் கிடையாது.

அனுப்பும் கடிதத்தில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: அபிக்ஸபான் கடைசியாகப் போட்ட நேரம், எடைமேடையில் ஏற்றிப் பார்த்த எடை, அன்றைய ஹீமோகுளோபின். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு "55" என்று எழுதினால் எல்லா ஊசியின் அளவும் அங்கிருந்தே பிசகும்.

இனி கேத் லேபில். நிலை சீராக இருப்பதால் மறுநாள் காலை செய்யலாம். இடையில் வலி திரும்பினாலோ பிபி இறங்கினாலோ, அபிக்ஸபான் உடலில் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மணிக்கட்டு வழியாகச் செய்தால் அது பெரிய தடையில்லை. தொடை வழியைவிட மணிக்கட்டு வழியில் குழாய் நுழையும் இடத்துக் கசிவு குறைவு என்பதை 2011-இல் ரைவல் ஆய்வும், 2015-இல் 8,404 பேரை வைத்து மேட்ரிக்ஸ் ஆய்வும் காட்டிவிட்டன. குள்ளமான வயதான பெண்களுக்கு வலது பக்கம் சப்கிளேவியன் (தோள் ரத்தக்குழாய்) வளைந்து நெளிந்து கிடக்கும், ரேடியல் (மணிக்கட்டு ரத்தக்குழாய்) சுருங்கிக்கொள்ளும். வலது சரிவரவில்லையென்றால் உடனே தொடைக்கு ஓடாமல் இடது மணிக்கட்டைப் பாருங்கள். தொடைதான் வழி என்றால் அல்ட்ராசவுண்ட் வைத்து, 21 கேஜ் நுண்ணூசியால், தொடையெலும்புத் தலைக்கு நேராகக் குத்த வேண்டும். மேலே குத்தினால் வயிற்றுக்குப் பின்புறம் ரத்தம் தேங்கும், அது வெளியே தெரியாது. கீழே குத்தினால் போலி அனியூரிசம் (குழாய்க்கு வெளியே ரத்தம் தேங்கிய வீக்கம்).

ஹெபாரின் (உறைவெதிர்ப்பு ஊசி) எடைக்கேற்ற அளவில் மட்டுமே. அபிக்ஸபான் போன்ற புது மருந்தில் இருப்பவருக்கு, கடைசி மாத்திரை எப்போது போட்டிருந்தாலும், ஸ்டென்ட் வைக்கும்போது கொஞ்சம் ஹெபாரின் வேண்டும். கிலோவுக்கு 60 யூனிட் கணக்கில் இவருக்கு 2,900 யூனிட் வரும். பழக்கத்தில் 5,000 என்று போட்டால் கிலோவுக்கு 100-ஐத் தாண்டிவிடும். ஏசிடி (ரத்தம் உறைய ஆகும் நேரம், விநாடியில்) 250-இல் நின்றால் போதும், அதற்காகக் கூடுதலாக 1,000, 1,000 என்று தள்ளிக்கொண்டே போக வேண்டாம். டைரோஃபிபான் போன்ற தட்டணு எதிர்ப்பு டிரிப்புகள், கண்ணெதிரே ரத்தக்கட்டி தெரிந்து ஓட்டம் நின்றால் மட்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரவு முழுக்க ஓடவிடும் டிரிப்தான் மறுநாள் காலை ஹீமோகுளோபின் இறங்கக் காரணம்.

ஸ்டென்ட் வகையில் ஒரு பழைய எண்ணம் இன்னும் போகவில்லை: "ரத்தம் கசியக்கூடியவர், ஆகவே மருந்து பூசாத ஸ்டென்ட், ஒரு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்பது. 2015-இல் வந்த லீடர்ஸ் ஃப்ரீ ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. அதிக அபாயமுள்ள 2,466 பேர், இரு தரப்புக்கும் ஒரே மாதம்தான் இரட்டை மாத்திரை (ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல் போன்ற ஒன்றும்). மருந்து பூசிய ஸ்டென்ட்டில் இறப்பு, மாரடைப்பு, ஸ்டென்ட்டில் உறைவு மூன்றும் சேர்ந்து 9.4 சதவீதம், வெற்று ஸ்டென்ட்டில் 12.9. அடைப்பு திரும்பி மறுபடி செய்ய வேண்டியிருந்தது 5.1-க்கு எதிராக 9.8. ஆகவே வெற்று ஸ்டென்ட்டுக்கு இன்று காரணமே இல்லை. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் விலை வரம்பு வந்தபோது மருந்து பூசியது 29,600 ரூபாய், வெற்று 7,260. அந்த வித்தியாசத்துக்காக இரண்டாவது முறை கேத் லேப் ஏறுவது, அதுவும் இவரைப் போன்ற ஒருவர், எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்தப் போகிறோம் என்றால் ஸ்டென்ட் சுவரோடு ஒட்டி முழுதாக விரிந்திருக்க வேண்டும். அரைகுறையாக விரிந்த ஸ்டென்ட்டில்தான் உறைவு வரும். சுண்ணாம்பு படிந்த குழாயை முதலிலேயே நன்றாகத் தயார் செய்யுங்கள், பிறகு ஐவஸ் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட்) வைத்துப் பாருங்கள். இடது முதன்மைக் குழாய் அல்லாத இடத்தில் உள்பரப்பு 5.5 சதுர மி.மீ.-க்கு மேல் இருப்பது நல்லது. கிளைபிரியும் இடத்தில் ஒரு ஸ்டென்ட்டோடு முடிக்கப் பாருங்கள். ஐவஸால் காண்ட்ராஸ்ட்டும் (எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டும் சாயம்) மிச்சமாகும். இவருடைய கிரியாட்டினின் கிளியரன்ஸ் (எடையையும் சேர்த்துக் கணக்கிடும் சிறுநீரக வேகம்) 23 தான், காண்ட்ராஸ்ட் அதைப்போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்றால் 69 மி.லி. 60-இல் முடித்தால் நிம்மதி. ஸ்டென்ட் உறுதி என்றபின் மேசையிலேயே குளோபிடோகிரெல் 600.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவருக்கு மாரடைப்பு, அதனால் செய்கிறோம். இதே அம்மா நடக்கும்போது மட்டும் வரும் நிலையான வலியோடு வந்திருந்தால், முதலில் ரத்தசோகையின் காரணத்தைத் தேடி, மருந்துகளைக் கூட்டிப் பார்ப்பதுதான் முறை. ஹீமோகுளோபின் 9-இல் இருந்து 11-க்கு ஏறினாலே பாதி வலி போய்விடுவதுண்டு. நிலையான நோயில் ஸ்டென்ட் உயிரை நீட்டிப்பதில்லை என்பதை 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரில் காட்டியது.


கிளினிக்கல்_பார்மசி:

கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்தாமல் மேலே போக முடியாது. அபிக்ஸபான் அளவு இவருக்கு 5 மி.கி. அல்ல, 2.5 மி.கி. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும். எடை 48, கிரியாட்டினின் 1.6, இரண்டு ஆகிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முந்தைய கசிவில் இதற்கும் பங்கிருக்கலாம். அதற்காக ஒல்லியாக இருக்கிற எல்லோருக்கும் 2.5 எழுதிவிடாதீர்கள். கிரியாட்டினின் 1.2 இருந்தால் இதே அம்மாவுக்கு 5 தான் சரி. காரணமில்லாமல் குறைத்த அளவு பக்கவாதத்தைப் போதுமான அளவு தடுக்காமல் போகலாம், பாதுகாப்பு என்ற எண்ணத்தை மட்டும் தரும்.

லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் இஜிஎஃப்ஆர் 33. ஆனால் கிரியாட்டினின் கிளியரன்ஸுக்கான காக்ராஃப்ட் கால்ட் கணக்கில் 140-இலிருந்து வயதைக் கழித்து 64, பெருக்கல் எடை 48, வகுத்தல் 72 பெருக்கல் 1.6, பெண் என்பதால் 0.85. விடை 22.7. இந்த வகை மருந்துகளின் அளவுக்குப் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். சிறிய உடம்புக்காரர்களில் இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி வரும். இன்னொரு உறைவெதிர்ப்பு மருந்தான டாபிகாட்ரானின் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அதை இவருக்கு நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது கூட்டு மாத்திரைகள். "ஆஸ்பிரினை ஏழாம் நாள் நிறுத்தவும்" என்று சம்மரியில் இருக்கும். கையில் இருக்கும் காப்ஸ்யூலில் குளோபிடோகிரெல் 75, ஆஸ்பிரின் 75, ஸ்டேட்டின் மூன்றும் ஒன்றாக அடைத்திருக்கும். அவர் தனி ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு அந்தக் காப்ஸ்யூலை விடாமல் போடுவார், மூன்று மருந்து வைத்தியம் யாருக்கும் தெரியாமல் ஓராண்டு நடக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஈகோஸ்பிரின் ஏவி கொடுத்திருந்தால், ஆஸ்பிரினை நிறுத்தும்போது அதோடு அடோர்வாஸ்டாட்டினும் போய்விடும். ஆகவே இவருக்கு எல்லாம் தனித்தனி மாத்திரையாக, தனித்தனிப் பட்டையாக. எண்ணிக்கை கூடுவது தொந்தரவுதான், ஆனால் ஒன்றை மட்டும் உருவ வேண்டிய நாளில் அதுதான் காப்பாற்றும்.

வயிற்றுக்கு பான்டோபிரசோல் 40, காலை வெறும் வயிற்றில். ஒமிபிரசோலும் எசோமிபிரசோலும் குளோபிடோகிரெல் செயல்படுவதைக் குறைக்கும். டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரையை மாதக்கணக்கில் எழுத வேண்டாம், இசிஜியில் க்யூடி இடைவெளி நீளும்.


கேத்லேப்_சிஸ்டர்:

ஹெபாரின் பற்றி மணிக்கட்டு_வழி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் ஊரில் 5 மி.லி. குப்பி இரண்டு வகை வருகிறது. ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட், ஒரு மி.லி.யில் 1,000. மற்றதில் மொத்தம் 25,000, ஒரு மி.லி.யில் 5,000. குப்பியின் உயரமும் பருமனும் ஏறக்குறைய ஒன்றுதான். 2,900 யூனிட் என்று சொன்னதும் 2.9 மி.லி. இழுத்தால் முதல் குப்பியில் சரி, இரண்டாவதில் 14,500 யூனிட் போய்விடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. இழுப்பவர் "ஒரு மி.லி.யில் இத்தனை, மொத்தம் இத்தனை" என்று வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் லேபிளைப் படித்துத் தலையாட்டிய பிறகுதான் ஊசி உள்ளே போக வேண்டும். அளவு மீறிப் போய்விட்டால் 100 யூனிட்டுக்கு 1 மி.கி. புரோட்டமின் (ஹெபாரினை முறிக்கும் மருந்து), மெதுவாக. ஹெபாரின் போட்டு ஒரு மணி நேரம் கடந்திருந்தால் பாதி போதும்.

மணிக்கட்டுப் பட்டை: 13 முதல் 15 மி.லி. காற்று, அதிகபட்சம் 18. ஷீத்தை (குத்திய இடத்தில் செருகிய உறைக்குழாயை) உருவியதும் காற்றை ஒவ்வொரு மி.லி.யாக எடுத்துக்கொண்டே வாருங்கள். ஒரு துளி ரத்தம் கசியும். அந்த இடத்தில் நிறுத்தி 1 அல்லது 2 மி.லி. திரும்ப ஏற்றுங்கள். பிறகு கட்டைவிரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்து அல்நார் குழாயை அழுத்திப் பாருங்கள். அலை தெரிந்தால் பட்டைக்குக் கீழே ரேடியல் ஓடுகிறது என்று பொருள். அலை இல்லையென்றால் இறுக்கம் அதிகம், குழாய் அடைந்துவிடும், அடுத்த முறை அந்தக் கை உதவாது. "ரத்தம் கசியக்கூடியவர், இறுக்கிக் கட்டு" என்று 18 மி.லி.யும் ஏற்றி நாலு மணி நேரம் விடுவது அவருக்கு நல்லதல்ல. இவரைப் போன்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை 2 மி.லி. வீதம் இறக்கலாம். கசிந்தால் திரும்ப 2 ஏற்றி அரை மணி நேரம் பொறுங்கள்.

பட்டையை மட்டும் பார்த்தால் போதாது, முழங்கை வரை தடவிப் பாருங்கள். வயர் ஏதாவது கிளையில் ஏறி ஓட்டையிட்டிருந்தால் வீக்கம் பட்டைக்கு மேலே, முன்கையின் நடுவில் வரும். பட்டைக்கு அடியில் எல்லாம் சுத்தமாகவே இருக்கும். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, நாடாவால் சுற்றளவு எடுத்து நேரத்தோடு எழுதுங்கள். அதன் மேல் பிபி கஃப்பைச் சுற்றி, சிஸ்டாலிக்கைவிட 10, 20 குறைவாக ஏற்றி 15 நிமிடம் வைத்துத் தளர்த்துங்கள். விரல்களை நாம் நீட்டிவிடும்போது உயிர்போகிற வலி, கை கல் மாதிரி இறுக்கம் என்றால் அறுவை டாக்டரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தொடை வழி என்றால் ஏசிடி 180-க்குக் கீழே வந்தபிறகே ஷீத். பிறகு முதுகு வலி, அடிவயிற்று வலி, பிபி இறக்கம், நாடி மந்தம்: இவை வந்தால் தொடையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே கசிகிறது என்றே எடுத்துக்கொண்டு சிடி எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஹீமோகுளோபின் குறையாமலே இருக்கும், அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது.


டெல்டா_பிசிஷியன்:

மிக்க நன்றி. அபிக்ஸபான் அளவு விஷயம் என் கண்ணில் படவில்லை, பார்மசி சொன்னது சரிதான். இரண்டு துணைக் கேள்விகள். எங்கள் பக்கம் ரூமாட்டிக் மைட்ரல் ஸ்டெனோசிஸோடு (ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியது) அசிட்ரோம் என்ற பழைய உறைவெதிர்ப்பு மருந்தில் இருப்பவர்கள் அதிகம், அவர்களையும் அபிக்ஸபானுக்கு மாற்றிவிடலாமா? தட்டணுக்கள் குறைந்திருப்பவருக்கு எந்த எண்ணிக்கை வரை செய்யலாம்?


மணிக்கட்டு_வழி:

மாற்றக் கூடாது. ரூமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களை 2022-இல் இன்விக்டஸ் ஆய்வு பார்த்தது. அபிக்ஸபான் வகையைச் சேர்ந்த ரிவராக்ஸபான் தரப்பில்தான் இறப்பு அதிகம், பழைய மருந்து வென்றது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மருந்துதான். ஆகவே மருந்தைத் தீர்மானிக்கும் முன் எக்கோ எடுங்கள். அசிட்ரோமோடு குளோபிடோகிரெல் சேரும் மாதங்களில் ஐஎன்ஆர்-ஐ (அசிட்ரோம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) 2.0 முதல் 2.5-க்குள் வையுங்கள், வாரம் ஒரு முறை பாருங்கள். உலோக மைட்ரல் வால்வுக்கு மட்டும் இந்தக் குறைப்பு பொருந்தாது, வால்வுக்கு உரிய இலக்கிலேயே நிற்க வேண்டும். ஸ்டென்ட்டுக்காக அசிட்ரோமை நிறுத்தி ஹெபாரினில் போட்டுப் பாலம் கட்டுவதும் தேவையில்லாத கசிவைத்தான் தரும். மணிக்கட்டு வழியாக, ஐஎன்ஆர் இருக்கும்போதே செய்யலாம். ஐஎன்ஆர் 2.5-க்கு மேல் இருந்தால் கூடுதல் ஹெபாரினும் வேண்டாம்.

தட்டணுக்கள்: ஆஸ்பிரின் 10,000-க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம், குளோபிடோகிரெலோடு சேர்த்து இரட்டை மாத்திரைக்கு 30,000-க்கு மேல் வேண்டும், டிகாகிரெலோருக்கும் பிரசுக்ரெலுக்கும் 50,000. இவை புற்றுநோயாளிகளுக்காக வகுத்த எல்லைகள், மற்றவர்களுக்கும் வேறு நல்ல வழிகாட்டி இல்லாததால் இவற்றையே பின்பற்றுகிறோம். 50,000-க்குக் கீழே ஹெபாரின் கிலோவுக்கு 30 முதல் 50 யூனிட்டோடு தொடங்கி ஏசிடி பாருங்கள். டெங்குவில் இறங்கிய எண்ணிக்கை சில நாளில் தானே ஏறும், உயிருக்கு ஆபத்தான மாரடைப்பு இல்லையென்றால் காத்திருப்பதே மேல். ஹீமோபிலியா என்றால் ரத்தவியல் நிபுணர் இல்லாத இடத்தில் ஊசியே குத்தக் கூடாது.

கால அளவுக்கு வருகிறேன், இதுதான் உங்கள் முதல் கேள்வியின் மையம். இந்த அம்மாவுக்கு மூன்று மருந்தும் சேர்ந்து ஒரு வாரம், அதற்குமேல் ஒரு நாளும் வேண்டாம். பிறகு அபிக்ஸபான், குளோபிடோகிரெல் இரண்டும் ஆறு மாதம். வழக்கமான மாரடைப்புக்கு 12, ஆனால் இவருக்கு 6. அதன்பின் அபிக்ஸபான் மட்டும், நிரந்தரமாக. 2019-இல் வந்த அகஸ்டஸ் ஆய்வில் 4,614 பேர். ஆஸ்பிரின் சேர்த்தவர்களில் 16.1 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க கசிவு, சேர்க்காதவர்களில் 9.0. நிலையான கட்டத்தில் உறைவெதிர்ப்பு மருந்து மட்டும் போதும் என்பதை அதே ஆண்டு ஜப்பானின் அஃபைர் ஆய்வு சொன்னது. சேர்த்துக் கொடுத்த தரப்பில் இறப்பு கூடியதால் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே இல்லாமல், ரத்தசோகையும் வயதும் மட்டும் இருந்தால் கணக்கு வேறு. அங்கே ஒன்று முதல் மூன்று மாதம் இரட்டை மாத்திரை, பிறகு ஒன்று. 2021-இல் மாஸ்டர் டாப்ட் ஆய்வில் ஒரே மாதத்தில் நிறுத்தியவர்களுக்குக் கசிவு 6.5 சதவீதம், தொடர்ந்தவர்களுக்கு 9.4. மாரடைப்போ ஸ்டென்ட் உறைவோ கூடவில்லை.


பைஃபர்கேஷன்:

"ஒரு வாரத்துக்குமேல் ஒரு நாளும் வேண்டாம்" என்பதை எல்லோருக்கும் பொருத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அகஸ்டஸில் ஆஸ்பிரின் இல்லாத தரப்பில் ஸ்டென்ட் உறைவு எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதல்தான், பெரும்பாலும் முதல் 30 நாளுக்குள். இடது முதன்மைக் குழாயில் இரண்டு ஸ்டென்ட், அல்லது ஏற்கெனவே ஸ்டென்ட் உறைந்த வரலாறு இருந்தால் 30 நாள் வரை ஆஸ்பிரின் நியாயம். 30-ஆம் நாளுக்குப் பிறகு அதற்கும் நியாயமில்லை.


மணிக்கட்டு_வழி:

ஒப்புக்கொள்கிறேன். ஹீமோகுளோபின் 9.4-இல், முன்பக்க இறங்கு குழாயில் ஒரே ஸ்டென்ட் என்றால் மட்டும் என் ஒரு வாரம் நிற்கும். அதனால்தான் இப்படிப்பட்டவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைக்கும் நிலைக்கே போகாதீர்கள் என்றேன். மேசையில் எடுக்கும் முடிவுதான் பின்னால் மாத்திரையின் நாளைக் கூட்டுகிறது.


எண்டோஸ்கோபி_அறை:

ஐந்து மாதத்துக்கு முந்தைய கறுப்பு மலத்துக்குக் காரணம் தெரியாமலே ஸ்டென்ட் வைக்கப் போகிறோம் என்பதை யாரும் தொடவில்லை. மாரடைப்பின் முதல் நாளில் எண்டோஸ்கோபி செய்யச் சொல்லவில்லை, ஆனால் கசிவு நின்றிருக்கும்போதே அதற்கொரு தேதி குறியுங்கள். புண் இருந்தால் எச் பைலோரி (வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் கிருமி) பாருங்கள். பான்டோபிரசோல் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த சோதனையில் "இல்லை" என்று வந்தால் அதை நம்ப முடியாது, "இருக்கிறது" என்று வந்தால் நம்பலாம். சிகிச்சை கொடுக்கும்போது கிளாரித்ரோமைசின் அபிக்ஸபானையும் அடோர்வாஸ்டாட்டினையும் ரத்தத்தில் ஏற்றும், மெட்ரோனிடசோல் அசிட்ரோம்காரர்களின் ஐஎன்ஆர்-ஐத் தூக்கிவிடும். புண்ணே இல்லையென்றால் குடலில் ரத்தக்குழாய்ச் சிதைவைத் தேடுங்கள். எக்கோவில் அயோர்டிக் ஸ்டெனோசிஸ் (அயோர்டிக் வால்வு சுருக்கம்) இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஸ்டென்ட்டுக்குப் பிறகு கசிந்தால் மூன்று மருந்தையும் ஒரே வீச்சில் நிறுத்திவிடாதீர்கள். முதல் மாதத்தில் ஸ்டென்ட் உறைந்தால் அது கசிவைவிடச் சீக்கிரம் உயிரைப் பறிக்கும். முதலில் ஆஸ்பிரின் போகட்டும், அபிக்ஸபானைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், குளோபிடோகிரெல் நிற்கட்டும். 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி. ரத்தம் ஏற்ற ஹீமோகுளோபின் 8-ஐ எல்லையாக வைக்கலாம். மாரடைப்பு நடந்துகொண்டிருப்பவருக்கு 10 வரை வைப்பதில் நன்மை இருக்கலாம் என்று 2023-இல் மின்ட் ஆய்வு சாடை காட்டியது, ஆனால் உறுதியாக நிரூபிக்கவில்லை. கசிவை நிறுத்த ட்ரனெக்ஸாமிக் ஆசிட் ஊசியைப் பழக்கத்தில் போடுகிறார்கள். 2020-இல் ஹால்ட் இட் ஆய்வு குடல் கசிவில் அதனால் இறப்பு குறையவில்லை, சிரை உறைவு கூடியது என்று காட்டியது. புது ஸ்டென்ட் உள்ளவருக்கு அது வேண்டாம். கசிவு நின்று ஏழு நாள் வாக்கில் அபிக்ஸபானைத் திரும்பத் தொடங்குவதைப் பற்றி இதய டாக்டரோடு பேசுங்கள். திரும்பத் திரும்பக் கசிந்தால் இடது ஏட்ரியப் பையை அடைக்கும் சாதனத்தையும் யோசிக்கலாம்.

வீட்டாரிடம் ஒரு வேறுபாட்டைச் சொல்லி அனுப்புங்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது கட்டியாக, கரும்பச்சை கலந்திருக்கும். ரத்தம் கலந்தது தார் மாதிரி பளபளத்து ஒட்டும், தண்ணீர் ஊற்றினால் பீங்கானில் சிவப்பாகக் கரையும், நாற்றம் தனியாகத் தெரியும். இவருக்கு இரும்பை நரம்பு வழியாகவே கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.


டெல்டா_பிசிஷியன்:

எல்லாவற்றையும் வைத்து, திரும்பி வருபவருக்கான ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். மார்ச் 3-ஆம் தேதி ஸ்டென்ட், மார்ச் 5 டிஸ்சார்ஜ் என்று வைத்துக்கொண்டேன். பார்த்துத் திருத்துங்கள்.

"ஆஸ்பிரின் 75: கடைசி மாத்திரை மார்ச் 9. குளோபிடோகிரெல் 75: கடைசி மாத்திரை செப்டம்பர் 3. அபிக்ஸபான் 2.5 காலை, இரவு: நிறுத்தக் கூடாது. பான்டோபிரசோல் 40: குளோபிடோகிரெல் உள்ளவரை. மூட்டு வலிக்கு பாராசிட்டமால் மட்டும், டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ கூடாது. ஹீமோகுளோபின், கிரியாட்டினின்: ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை."


கிளினிக்கல்_பார்மசி:

இரண்டு திருத்தம். பான்டோபிரசோலை குளோபிடோகிரெலோடு நிறுத்த வேண்டாம். இவர் ஏற்கெனவே கசிந்தவர், அபிக்ஸபான் உள்ளவரை அதுவும் இருக்கட்டும். அடோர்வாஸ்டாட்டின் சீட்டிலேயே இல்லை, தனி வரியாகச் சேர்த்து "ஆஸ்பிரின் கலந்தது வேண்டாம்" என்று பக்கத்தில் எழுதுங்கள். கிரியாட்டினின் 1.5-க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் அபிக்ஸபான் அளவை மறுபடி கணக்கிட வேண்டும், அந்த வரியும் வேண்டும்.


கேத்லேப்_சிஸ்டர்:

சீட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் சார், கடைக்காரரும் மகளும் படிப்பது அதைத்தான். ஆஸ்பிரின் முழுப் பட்டையைக் கொடுத்தனுப்பினால் தீரும் வரை போடுவார்கள், தீர்ந்ததும் இன்னொன்று வாங்குவார்கள். மார்ச் 5 காலை மாத்திரை வார்டிலேயே கொடுத்தாயிற்று என்றால் மீதி 6, 7, 8, 9, நான்கு நாள். பட்டையில் நான்கு மாத்திரையை மட்டும் வெட்டி, கவரின் மேல் அந்த நான்கு தேதியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.